அம்மாவோட மாத்திரை டப்பாவைக் கவுத்துக் கொட்டுங்க முதல்ல

ஒரு தம்பி கேட்டிருந்தார். அம்மாவுக்கு 66 வயசு, ரெண்டு முட்டியும் தேய்மானம்னு எக்ஸ்ரே பாத்து சொல்லிட்டாங்க, பிபியும் சுகரும் பத்து வருஷமா இருக்கு, எட்டு மாசமா மெடிக்கல்ல வலி மாத்திரை வாங்கி காலைல ஒன்னு ராத்திரி ஒன்னு போடுறாங்க. போட்டா மார்க்கெட் வரைக்கும் நடந்துட்டு வர்றாங்க, போடலன்னா பாத்ரூம்ல உக்காந்தா எந்திரிக்க முடியல. பக்கத்து வீட்டம்மா கிட்னி போயிடும்னு பயமுறுத்திட்டாங்க. நிறுத்தணுமா, வேற மாத்திரை மாத்தணுமா, கூட ஒரு கேஸ் மாத்திரை போட்டுக்கிட்டா போதுமா? இதான் கேள்வி.

நான் டாக்டர் இல்ல தம்பி, அத முதல்லயே சொல்லிடுறேன். பார்மசி படிச்சுட்டு 26 வருஷமா மெடிக்கல் ஷாப் கவுண்டருக்குப் பின்னாடி நிக்கிறவன். உங்க அம்மாவுக்கு இன்ன மாத்திரைன்னு சீட்டு எழுதுற வேலை என்னோடது இல்ல, ஆனா எது எதோட சேந்தா வம்புன்னு தினமும் பாக்குறேன், அத சொல்ல முடியும். பக்கத்து வீட்டம்மா சொன்னதுல பாதி சரி. எல்லாருக்கும் கிட்னி போகாது, லட்சக்கணக்கான பேர் பல்லு வலிக்கும் சுளுக்குக்கும் நாலு நாள் போட்டுட்டு நல்லாதான் இருக்காங்க. ஆனா 66 வயசு, பிபி, சுகர், எட்டு மாசம், தினமும் ரெண்டு, இந்த அஞ்சும் ஒரே ஆள்கிட்ட சேந்துருக்கு பாருங்க, அதான் எனக்கு இடிக்குது.

இன்னைக்கு சாயங்காலம் ஒரு வேலை செய்ங்க. அம்மா மாத்திரை டப்பா, ஹேண்ட்பேக், தலகாணிக்கு அடில, ஃப்ரிட்ஜ் மேல, எங்கெங்க மாத்திரை இருக்கோ எல்லாத்தையும் எடுத்து ஒரு நியூஸ்பேப்பர் விரிச்சு கொட்டுங்க. வெட்டி வெச்ச அரை அட்டை, பேப்பர்ல மடிச்சு குடுத்தது, தைலம், ஜெல், லேகியம் ஒன்னையும் விடாதீங்க. கொட்டிட்டு பெரிய எழுத்துல இருக்க கம்பெனி பேரைப் படிக்காதீங்க, அதுக்கு கீழ பொடி எழுத்துல இருக்க மருந்து பேரைப் படிங்க, கண்ணு தெரியலன்னா போன்ல போட்டோ எடுத்து பெருசு பண்ணி பாருங்க. டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென், நாப்ராக்சென், எட்டோரிகாக்சிப், நிமசுலைட், பைராக்சிகாம், இண்டோமெத்தசின், இந்தப் பேர்ல எது இருந்தாலும் எல்லாம் ஒரே குடும்பம். வீக்கத்தையும் வலியையும் குறைக்கிற மாத்திரை, ஸ்டீராய்டு கிடையாது. இதுல ஒரு நேரத்துல ஒன்னுதான் போடணும், ரெண்டு சேத்து போடவே கூடாது.

இத ஏன் இவ்ளோ அழுத்தி சொல்றேன்னா, வீட்டுக்கு வீடு இதான் நடக்குது. காலைல ஜீரோடால்-பி, ராத்திரி வலி ஜாஸ்தியா இருந்தா வோவெரான், நடுவுல தலைவலிச்சா காம்பிஃப்ளாம். கேட்டா "ஒவ்வொன்னும் ஒவ்வொரு வலிக்குப்பா"ன்னு சொல்வாங்க. ஜீரோடால்ல இருக்கறது அசிக்ளோஃபெனாக், வோவெரான்ல இருக்கறது டைக்ளோஃபெனாக், அந்த அசிக்ளோஃபெனாக்லயும் ஒரு பங்கு உடம்புக்குள்ள போய் டைக்ளோஃபெனாக்காதான் மாறுது. காம்பிஃப்ளாம்ல ஐபுபுரோஃபென் 400 மி.கி. அதாவது அந்தம்மா மூணு வலிக்கு மூணு மருந்து போடல, ஒரே குடும்பத்து மருந்தை மூணு சட்டை மாத்தி போட்டுருக்காங்க. வலி மூணு மடங்கு குறையாது, இந்த மாத்திரைக்கெல்லாம் வலி குறைக்கிறதுல ஒரு உச்சவரம்பு இருக்கு, அதுக்கு மேல எவ்ளோ போட்டாலும் வலி அதே அளவுதான் குறையும், ஆனா வயித்துக்கும் கிட்னிக்கும் போற அடிக்கு அந்த மாதிரி வரம்பு கிடையாது.

பேருக்குப் பின்னாடி இருக்க எழுத்தையும் பாருங்க. பி-ன்னா பாராசிட்டமால் 325 கூட இருக்குன்னு அர்த்தம். காம்பிஃப்ளாம்லயும் அதே 325 இருக்கு. அது தெரியாம தனியா டோலோ 650-யும் போட்டுட்டு இருப்பாங்க, கூட்டிப் பாத்தா பாராசிட்டமால் எங்கயோ போய் நிக்கும். எஸ்பி-ன்னா செர்ரேஷியோபெப்டிடேஸ், பட்டுப்புழு வயித்துல இருந்த பாக்டீரியாவுல இருந்து எடுத்த என்சைம், வீக்கம் கரையும்னு சொல்லி சேக்குறாங்க. அது ஜப்பான்ல பொறந்த மருந்து, அந்த ஜப்பான்லயே மறுபடி டெஸ்ட் பண்ணி பாத்தப்ப மருந்தே இல்லாத சும்மா மாத்திரைய விட பெருசா வேலை செய்யலன்னு 2011-ல மார்க்கெட்ட விட்டு எடுத்துட்டாங்க. நம்ம ஊர்ல இன்னும் அமோகமா ஓடுது. கெடுதல்னு பெருசா இல்ல, காசுதான் தண்டம்.

சரி இந்த மாத்திரை என்னதான் பண்ணுது? உடம்புல அடி பட்டாலோ மூட்டு உராஞ்சாலோ புரோஸ்டாகிளாண்டின்னு ஒரு சரக்கு ஊறும், வலியையும் வீக்கத்தையும் கூட்டுறது அதான். அது ஊற விடாம தடுக்குறதுதான் இந்த மாத்திரையோட வேலை. ஜான் வேன்-ன்னு ஒரு இங்கிலீஷ்காரர் ஆஸ்பிரின வெச்சு 1971-ல இத கண்டுபிடிச்சார், 1982-ல நோபல் பரிசை வாங்குன மூணு பேர்ல அவர் ஒருத்தர். சிக்கல் என்னன்னா அந்த புரோஸ்டாகிளாண்டின் முட்டியில மட்டும் இருக்கறது இல்ல. வயித்துக்குள்ள ஆசிட் அரிக்காம இருக்க ஒரு வழவழப்பான பூச்சு இருக்கு, அத பூசுறதும் அதுதான். கிட்னிக்கு ரத்தம் குறையும்போது உள்ள வர்ற குழாயை விரிச்சு விடுறதும் அதுதான். மாத்திரைக்கு முட்டி எது வயிறு எதுன்னு தெரியாது, ரத்தத்துல கலந்து எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி அடைச்சு விட்டுடும். அதனாலதான் "ஊசியா போட்டுக்கிட்டா வயிறு புண்ணாகாது"ங்கறது சுத்தப் பொய். இடுப்புல போட்டாலும் ரத்தத்துலதான் கலக்குது.

இப்ப கிட்னி. கொட்டி வெச்ச குவியல்ல அம்மாவோட பிபி மாத்திரை அட்டைய தேடி எடுங்க. டெல்மிசார்டன், லோசார்டன், எனலாபிரில், ராமிபிரில் இதுல ஏதாவது ஒன்னு இருக்கா? இருந்தா, பேருக்குப் பக்கத்துல எச்-ன்னு ஒரு எழுத்து இருக்கான்னு பாருங்க. டெல்மா-எச், அந்த மாதிரி. அந்த எச், ஹைட்ரோகுளோரோதயசைடு, நீர் பிரிக்கிற மருந்து. ஒரே மாத்திரைக்குள்ள ரெண்டு மருந்து இருக்குன்னு முக்கால்வாசி பேருக்குத் தெரியாது, மாத்திரை ஒன்னுதானே. இதோட வலி மாத்திரையும் சேந்தா மொத்தம் மூணு.

மூணும் சேந்தா என்ன ஆகும்னு நம்ம ஏரிக்கணக்குல சொல்றேன். கிட்னிய ஒரு வயல்னு வெச்சுக்கங்க, அதுல தண்ணி ஒரு மட்டத்துக்கு நின்னாதான் வடிகட்டுற வேலை நடக்கும். வலி மாத்திரை உள்ள வர்ற மடையை அடைக்குது. டெல்மிசார்டன் வடிகாலைத் திறந்து விடுது. எச் ஏரியில இருக்க தண்ணியவே இறைச்சு வெளிய விடுது. ஒவ்வொன்னும் தனித்தனியா பண்ணும்போது வயல் சமாளிச்சுக்கும், மூணும் ஒன்னா நடந்தா மட்டம் எறங்கிடும். அதுலயும் சித்திரை வெயில்ல வேர்த்து கொட்டுன நாள், இல்ல ரெண்டு நாள் பேதி வாந்தி ஆன நாள், அந்த நேரத்துலதான் கிரியாட்டினின், அதாவது கிட்னி வடிகட்டி வெளிய தள்ள வேண்டிய கழிவு, ரத்தத்துல சடார்னு ஏறும். டாக்டர்கள் இந்த மூணு கூட்டணிக்கு தனியா ஒரு பேரே வெச்சுருக்காங்க, அவ்ளோ தெரிஞ்ச விஷயம் இது. அதுக்காக பிபி மாத்திரைய நிறுத்திடாதீங்க, நிறுத்த வேண்டியது அது இல்ல. பிபிய கட்டுக்குள்ள வெக்கிறதும் சுகர்காரங்களுக்கு கிட்னிய காப்பாத்துறதும் அந்த மாத்திரைதான்.

எட்டு மாசத்துல ஒரு தடவையாவது கிரியாட்டினின் பாத்தீங்களான்னு நீங்க எழுதல. பாக்கலன்னா இந்த வாரமே பாருங்க, கூட பொட்டாசியம், ஹீமோகுளோபின், யூரின்ல அல்புமின். ரிப்போர்ட் வந்ததும் "1.2 தான், நார்மல்"னு லேப்ல சொன்னா அதோட விட்டுடாதீங்க. 25 வயசு பையனுக்கு 1.2 ஒன்னும் இல்ல. 66 வயசு அம்மாவுக்கு அதே 1.2-ன்னா வயசையும் சேத்து கணக்கு போட்டா கிட்னி வடிகட்டுற அளவு 50 கிட்டதான் வரும், சின்ன வயசுல 90-க்கு மேல இருக்குற இடத்துல. அந்தக் கணக்குக்கு ஈஜிஎஃப்ஆர்-னு பேரு, நிறைய லேப்ல இப்ப ரிப்போர்ட்லயே அடிச்சு தர்றாங்க, இல்லன்னா டாக்டர்கிட்ட கேளுங்க. 60-க்கு கீழ போனா இந்த மாத்திரைகள ரொம்ப யோசிச்சுதான் தருவாங்க, 30-க்கு கீழன்னா தொடவே கூடாது. கிட்னி படுத்துச்சுன்னா சுகர் மாத்திரையும் உடம்புல தேங்கும், கிளைமிபிரைடு மாதிரி போடுறவங்களுக்கு திடீர்னு லோ சுகர் ஆகி மயங்குறது உண்டு, இதையும் ஞாபகம் வெச்சுக்கங்க.

கிட்னின்னு சொன்னதும் எனக்கு எப்பவும் பிணந்தின்னிக் கழுகுதான் ஞாபகம் வரும், கொஞ்சம் தள்ளிப் போறேன் மன்னிச்சுக்கங்க. மாட்டுக்கு வலிக்கும் வீக்கத்துக்கும் டைக்ளோஃபெனாக் ஊசி போடுவாங்க, அந்த மாடு செத்து அத தின்ன கழுகெல்லாம் கிட்னி அடைச்சு, உள்ளுறுப்பு மேலெல்லாம் யூரிக் ஆசிட் வெள்ளையா படிஞ்சு செத்துச்சு. இந்தியாவுல ஒரு இனம் நூத்துக்கு தொண்ணூத்தொன்பதுக்கு மேல அழிஞ்சே போச்சு. காரணம் இந்த மருந்துன்னு 2004-ல தெரிஞ்சு, 2006-ல மாட்டுக்கு போடக்கூடாதுன்னு தடை வந்துச்சு. அப்புறமும் மனுஷங்களுக்கான பெரிய பாட்டில் ஊசிய வாங்கி மாட்டுக்கு போட்டாங்கன்னு 2015-ல இருந்து 3 மில்லிக்கு மேல பாட்டிலே வரக்கூடாதுன்னு ஆக்கிட்டாங்க. நம்ம முதுமலை, மோயாறு பக்கம் மிச்சம் கொஞ்சம் பறக்குது. மனுஷன் கிட்னி கழுகு கிட்னி மாதிரி இல்ல, நாம அவ்ளோ சுலபமா சாக மாட்டோம், ஆனா மருந்து அதே மருந்துதான்.

அடுத்தது வயிறு. இதுல நானே சூடு பட்டவன். எங்க பெரியப்பாவுக்கு 70 வயசு, ஹார்ட்ல ஸ்டென்ட் வெச்சு தினமும் ஈகோஸ்பிரின் 75, அதாவது ஆஸ்பிரின், போட்டுட்டு இருந்தார். முட்டி வலின்னு என் கடைக்கே வருவார், நானும் சொந்தக்காரர்தானேன்னு டைக்ளோஃபெனாக் பத்து பத்தா குடுத்துட்டு இருந்தேன். நெஞ்சு கரிக்குதுன்னா ஜெலுசில் குடிச்சுப்பார். ஒரு நாலு நாளா மோஷன் கறுப்பா போயிருக்கு, கேழ்வரகு களி தின்னதாலன்னு நெனச்சிருக்கார். அஞ்சாவது நாள் விடிகாலைல பாத்ரூம் வாசல்ல மயங்கி விழுந்துட்டார். ஹீமோகுளோபின் 6. எண்டோஸ்கோபில பாத்தா இரைப்பைல புண்ணு, அதுல இருந்து ரத்தம் கசிஞ்சுட்டே இருந்துருக்கு. மூணு பாட்டில் ரத்தம் ஏத்துனாங்க. வயித்து வலின்னு ஒரு வார்த்தை அவர் சொன்னது இல்ல, வயசானவங்களுக்கு பல நேரம் வலி இல்லாமயே இப்படி நடக்கும், வலிய தெரிய விடாம பண்றதும் அந்த மாத்திரைதானே. ஸ்டென்ட் வெச்சவருக்கு டைக்ளோஃபெனாக்கே குடுத்துருக்கக் கூடாது, ஆஸ்பிரினோட சேத்து குடுத்தது ரெண்டாவது தப்பு, வயித்துக்கு பாதுகாப்பு இல்லாம குடுத்தது மூணாவது. படிச்சவன் நான். பெரியம்மா இன்னைக்கு வரைக்கும் என்னை ஒரு வார்த்தை கேட்டது இல்ல, அதான் இன்னும் கஷ்டமா இருக்கு.

அதனால தெரிஞ்சுக்கங்க. மோஷன் தார் மாதிரி கறுப்பா, பிசுபிசுன்னு, ஒரு மாதிரி கெட்ட நாத்தத்தோட போனாலோ, வாந்தி காபித்தூள் கலந்த மாதிரி வந்தாலோ காலைல பாத்துக்கலாம்னு இருக்கக் கூடாது, அப்பவே ஆஸ்பத்திரி, அட்டைய கைல எடுத்துட்டு போகணும். இரும்புச்சத்து மாத்திரை போட்டாலும் கறுப்பாதான் போகும், ஆனா அது இப்படி பிசுபிசுன்னு ஒட்டாது. சந்தேகம்னா டாக்டர்தான் பாத்து சொல்லணும், நாமளா முடிவு பண்ணக்கூடாது.

கேஸ் மாத்திரை பத்தி கேட்டீங்க. பான்டோப்ரசோல், ஒமெப்ரசோல் மாதிரி மாத்திரைய காலைல சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னாடி தினமும் போட்டா இரைப்பை புண்ணு வர்றது நெசமாவே நல்லா குறையும். 65-க்கு மேல இருக்கவங்க, முன்னாடி அல்சர் இருந்தவங்க, ஆஸ்பிரின் போடுறவங்க, இவங்களுக்கு வலி மாத்திரை தர்றதா இருந்தா டாக்டரே அத சேத்துதான் எழுதணும், எழுதலன்னா கேட்டு வாங்குங்க. ஜெலுசில், ஈனோ, ஜீரகத்தண்ணி இதெல்லாம் எரிச்சல மட்டும்தான் அடக்கும், புண்ணை தடுக்காது. ஆனா கவனிங்க, பான்டோப்ரசோல் காப்பாத்துறது வயித்த மட்டும்தான். கிட்னிக்கோ ஹார்ட்டுக்கோ அதால ஒரு உபகாரமும் இல்ல. "நான் கேஸ் மாத்திரை போட்டுட்டுதானே போடுறேன்"னு வருஷக்கணக்கா போடுறவங்க எங்க கடைல மட்டும் ஒரு டஜன் பேர் இருப்பாங்க. சாப்பிட்டுட்டு போடுறதும் அப்படித்தான், நெஞ்சு கரிக்காம இருக்கும், நல்லதுதான், அதோட முழுப் பாதுகாப்புன்னு நெனச்சுடாதீங்க.

ஹார்ட் விஷயம். வயித்துக்கு நல்லதா ஒரு மாத்திரை பண்ணலாம்னு 1999-ல ரோஃபெகாக்சிப், வயாக்ஸ்னு பேரு, அமெரிக்காவுல எறக்குனாங்க. வயித்துப்புண்ணு நெசமாவே குறைஞ்சுது, ஆனா மாரடைப்பும் ஸ்ட்ரோக்கும் கூடுதுன்னு தெரிஞ்சு 2004 செப்டம்பர் கடைசில உலகம் பூரா வாபஸ் வாங்குனாங்க. அதுக்கப்புறம் மத்த மாத்திரைகளையும் நோண்டி பாத்தப்பதான் பழைய டைக்ளோஃபெனாக்கும் ஹார்ட் விஷயத்துல அந்த வகைக்கு ரொம்ப தூரம் இல்லன்னு தெரிஞ்சுது. 2013-ல இருந்து ஐரோப்பாவுல ஹார்ட் அட்டாக், ஸ்ட்ரோக், ஹார்ட் ஃபெயிலியர் ஆனவங்களுக்கு டைக்ளோஃபெனாக் குடுக்கக் கூடாதுன்னு ஆக்கிட்டாங்க. நம்ம ஊர்ல இப்ப வயாக்ஸ் வகையைச் சேந்த எட்டோரிகாக்சிப் ரொம்ப ஓடுது, நியூகாக்சியா மாதிரி, ஒரு நாளைக்கு ஒன்னு போட்டா போதும்ங்கறதால ஜனங்களுக்கு பிடிக்குது. வயித்துக்கு கொஞ்சம் தேவலை, சரி. ஆனா பிபிய ஏத்தும், பிபி 140/90-க்கு மேலயே நிக்கிறவங்களுக்கு குடுக்கவே கூடாதுன்னு ஐரோப்பாவுல லேபிள்லயே இருக்கு, அமெரிக்காவுல அதுக்கு அனுமதியே தரல. தேய்மானத்துக்கு ஒரு நாளைக்கு 30-ல இருந்து 60 மி.கி.தான் அளவு. 120 மி.கி.ங்கறது கவுட் வந்து கால் கட்டைவிரல் செவந்து துடிக்கிறப்ப மட்டும், அதுவும் எட்டு நாளைக்கு மேல கிடையாது. 90-ஐயும் 120-ஐயும் முட்டி தேய்மானத்துக்கு மாசக்கணக்குல போடுறவங்கள நான் பாத்துருக்கேன், 60-ல கேக்கலன்னு தானா ஏத்திக்கிட்டது. அம்மாவோட பிபி இந்த எட்டு மாசத்துல ஏறி, பிபி மாத்திரைய கூட்டி எழுதினாங்களான்னு யோசிச்சு பாருங்க. வலி மாத்திரை ஏத்தி விட்ட பிபிக்கு இன்னொரு பிபி மாத்திரை எழுதுறது ரொம்ப சாதாரணமா நடக்குது, ஏன்னா வலி மாத்திரை கதைய யாரும் பிபி டாக்டர்கிட்ட சொல்றது இல்ல. கால் வீங்குறது, ஷூ செருப்பு இறுகுறது, படுத்தா மூச்சு வாங்குறது, இதெல்லாம் வந்தாலும் அதே கதைதான், உடனே காட்டணும்.

ஈகோஸ்பிரின் போடுறவங்களுக்கு இன்னொன்னு. ஐபுபுரோஃபென் போய் ஆஸ்பிரின் உக்கார வேண்டிய சீட்டுல முன்னாடியே துண்டு போட்டு உக்காந்துக்கும், ஆஸ்பிரின் வேலை செய்யாம போயிடும். டாக்டர் ரெண்டையும் எழுதியே இருந்தாலும் எத முன்னாடி போடணும் எவ்ளோ இடைவெளின்னு கேட்டுக்கணும். அசிட்ரோம், வார்ஃபரின் மாதிரி ரத்தம் உறையாம இருக்க மாத்திரை போடுறவங்க இந்தக் குடும்பம் பக்கமே தானா போகக்கூடாது. ஆஸ்துமா இருந்து ஆஸ்பிரின் ஒத்துக்காதவங்க, மாசமா இருக்கவங்களும் அப்படித்தான்.

அப்ப வலிக்கு என்னதான் பண்றது, சும்மா பயமுறுத்திட்டு போறேன்னு நெனைக்காதீங்க. முட்டி தேய்மானத்துக்கு டாக்டர்களோட வழிகாட்டுதல்கள்லயே மருந்துன்னு பாத்தா முதல்ல சொல்றது மாத்திரை இல்ல, ஜெல். டைக்ளோஃபெனாக் ஜெல். தோல் வழியா ரத்தத்துக்குப் போறது மாத்திரைல போறதுல நூத்துக்கு ஆறு பங்கு அளவுதான், முட்டிக்கு வேண்டியது அங்கயே எறங்கிடுது. "அதெல்லாம் தடவி பாத்தாச்சு கேக்கல"ன்னு தான் எல்லாரும் சொல்வாங்க, எப்படி தடவுனீங்கன்னு கேட்டா பல்லு வெளக்குற பேஸ்ட் அளவு எடுத்து ராத்திரி ஒரு தடவை. அமெரிக்காவுல விக்கிற டியூப்ல போட்டுருக்க அளவு என்ன தெரியுமா, ஒரு முட்டிக்கு ஒரு தடவைக்கு 4 கிராம், நாளைக்கு நாலு தடவை. 16 கிராம். நம்ம ஊர் டியூப் 30 கிராம். அந்தக் கணக்குக்கு ஒரு முட்டிக்கே ரெண்டு நாளைக்கு மேல வராது, உங்க வீட்ல அந்த டியூப் மூணு மாசமா ஓடிட்டு இருக்கும்! அவ்ளோ பூசணும்னு நான் சொல்லல, கட்டுப்படியும் ஆகாது, ஆனா சுண்டுவிரல் நீளத்துக்கு பிதுக்கி ஒரு நாளைக்கு மூணு தடவையாவது ரெண்டு வாரம் விடாம தடவி பாத்துட்டுதான் கேக்கலன்னு சொல்லணும். அழுத்தி தேய்க்க வேண்டியது இல்ல, மெதுவா தடவி பரப்பி விட்டா போதும். அது மேல வெந்நீர் ஒத்தடம், இறுக்கமா கட்டு போடுறது ரெண்டும் கூடாது, மருந்து தாறுமாறா உள்ள எறங்கும். கைய கழுவிட்டு கண்ணை தொடுங்க. ரெண்டு முட்டிக்கும் பூசுறதா இருந்தா, கிட்னி அளவு குறைவா வந்தா, அப்ப ஜெல்லையும் டாக்டர்கிட்ட சொல்லிட்டே பூசுங்க.

அதுக்கும் மேல வலிச்சா மாத்திரை, டாக்டர் கிட்னி ரிப்போர்ட்ட பாத்து சரின்னு சொன்னா. தேய்மான வலிக்கு மணி அடிச்ச மாதிரி காலை ராத்திரின்னு போட வேண்டிய அவசியம் பல பேருக்கு இல்ல. கல்யாணத்துக்கு போறோம், மாடிப்படி ஏறணும், ரெண்டு நாள் வலி தூக்குது, அப்ப குறைஞ்ச அளவுல நாலஞ்சு நாள் போட்டு நிறுத்துறது. எட்டு மாசம் போட்டத நிறுத்துனா ஏதாவது ஆகிடுமான்னா, சுத்தமான வலி மாத்திரை மட்டும்தான் போட்டிருந்தாங்கன்னா திடீர்னு நிறுத்தலாம், வலி திரும்ப வரும், வேற ஒன்னும் ஆகாது. பேதி, வாந்தி, காய்ச்சல்னு படுத்தா, சாப்பாடு தண்ணி எறங்கலன்னா அன்னைக்கு வலி மாத்திரை கண்டிப்பா வேண்டாம். காய்ச்சல்னா இன்னொரு காரணமும் இருக்கு, டெங்குவா இருந்துட்டா ரத்தக்கசிவுல கொண்டு விட்டுடும், டெங்கு இல்லன்னு தெரியுற வரைக்கும் பாராசிட்டமால் மட்டும்தான்.

சுத்தமான வலி மாத்திரைன்னு ஏன் சொன்னேன்னா, அந்தக் குவியல்ல பேப்பர்ல மடிச்ச செட் மாத்திரை இருக்கான்னு பாருங்க. "மூட்டு வலிக்கு மூணு வேளைக்கு ஒரு செட் குடுங்க"ன்னு கேட்டா அட்டைய வெட்டி வெள்ளையில ஒன்னு மஞ்சள்ல ஒன்னு, கூட ஒரு குட்டி மாத்திரை, பொட்டலம் போட்டு தர்ற பழக்கம் ஊருக்கு ஊரு இருக்கு. அந்த குட்டி மாத்திரை பல நேரம் டெக்சாமெத்தசோன், இல்ல பிரட்னிசோலோன், அதாவது ஸ்டீராய்டு. போட்ட கொஞ்ச நேரத்துலயே வலி போயிடும், பசி எடுக்கும், உற்சாகமா இருக்கும், அதனாலதான் அந்தக் கடைக்கே தேடி போறாங்க. ஸ்டீராய்டும் வலி மாத்திரையும் சேந்தா வயித்துப்புண்ணு பல மடங்கு, சுகர் ஏறும், எலும்பு கரையும். பேரு ஒட்டாத டப்பாவுல வர்ற சூரணம், லேகியம், "மூணே நாள்ல மூட்டு வலி போச்சு" வகையறாவுலயும் இதையே பொடி பண்ணி கலந்து பிடிபட்டது உண்டு. முகம் உப்பி உருண்டையா ஆகியிருக்கா, கழுத்துக்குப் பின்னாடி சதை வெச்சிருக்கா, சும்மா இடிச்சாலே கருநீலமா கன்னிப் போகுதான்னு பாருங்க. ஸ்டீராய்டு மாசக்கணக்குல போயிருந்தா இத மட்டும் நீங்களா பட்டுனு நிறுத்தாதீங்க, பிபி எறங்கி ஆபத்தாயிடும், டாக்டர்தான் படிப்படியா குறைப்பார்.

இன்னொன்னு, எல்லா மூட்டு வலியும் தேய்மானம் இல்ல. காலைல எந்திரிச்சதும் கை விரல் மடக்க முடியாம ஒரு மணி நேரத்துக்கு மேல விறைப்பா இருக்கு, ரெண்டு கை மணிக்கட்டும் விரல் கணுவும் சேந்து வீங்குதுன்னா அது முடக்குவாதமா இருக்கலாம். அதுக்கு வலி மாத்திரைய மட்டும் போட்டுட்டு இருந்தா வலி அடங்கும், உள்ள மூட்டு அரிச்சுட்டே போகும், விரல் கோணிடும். அதுக்கு மெத்தோட்ரெக்சேட் மாதிரி நோயவே அடக்குற மருந்து வேணும், வாரத்துக்கு ஒரு நாள் போடுற மருந்து அது, தப்பா தினமும் போட்டா உயிருக்கே ஆபத்து. சிக்குன்குனியா வந்துட்டு போன மூட்டு வலியும் மாசக்கணக்குல இழுக்கும், 2006-ல நம்ம பக்கம் அது வந்தப்ப கடைல வலி மாத்திரை வித்த வேகம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு. உங்க அம்மாவுக்கு எக்ஸ்ரே பாத்து சொல்லியிருக்கறதால இத நான் நீட்டல.

மாத்திரை இல்லாத விஷயம் ரெண்டே ரெண்டு. உடம்புல ஒரு கிலோ குறைஞ்சா ஒவ்வொரு அடிக்கும் முட்டி மேல விழுற பாரம் நாலு கிலோ குறையுதுன்னு அளந்தே பாத்துருக்காங்க. அப்புறம் தொடை சதைக்கு பயிற்சி, படுத்துக்கிட்டு கால நீட்டி ஒரு முழம் தூக்கி பத்து எண்ணி எறக்குறது, காலைல பத்து தடவை ராத்திரி பத்து தடவை. உங்க அம்மா 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்துல பிபி சுகர் மாத்திரை வாங்குறவங்களா இருந்தா அந்தத் திட்டத்துலயே பிசியோதெரபிக்கும் ஆள் வீட்டுக்கு வருவாங்க, 2021-ல ஆரம்பிச்சதுல இருந்தே அது இருக்கு, கேட்டாதான் கெடைக்கும். பாத்ரூம்ல எந்திரிக்க முடியலன்னு எழுதியிருக்கீங்களே, வெஸ்டர்ன் டாய்லெட்டும் சுவத்துல ஒரு பிடி கம்பியும் போட்டு குடுங்க, அதுலயே பாதி வலி மாத்திரை மிச்சமாகும்.

டாக்டர்கிட்ட போகும்போது குவியல்ல இருந்த அத்தனையும் ஒரு கவர்ல போட்டு எடுத்துட்டு போங்க. அம்மாவ பேச விட்டா "பிபிக்கு ஒன்னு சுகருக்கு ஒன்னு, வேற ஒன்னும் போடுறது இல்லங்க ஐயா"ன்னு தான் சொல்வாங்க, வலி மாத்திரைய மாத்திரைன்னே யாரும் கணக்குல சேக்குறது இல்ல. எத்தன நாள் போட்டாங்கன்னு தெரியலன்னா இனிமே போடுற அன்னைக்கு தினசரி காலண்டர் தாளுல ஒரு டிக் அடிச்சு அந்தத் தாள கிழிக்காம வெக்க சொல்லுங்க, மாசக் கடைசில எண்ணினா தெரிஞ்சுடும். ரிப்போர்ட் வந்ததும் கிரியாட்டினின் எவ்ளோன்னு இங்க போடுங்க, பிபி மாத்திரை பக்கத்துல எச் இருந்துச்சா இல்லையான்னும் பாத்து சொல்லுங்க.